ராசம்மா வீட்டுப் பச்சைச் சுவர்

இருபது வருடமாக ஹட்டனில் பெயிண்ட் அடிக்கிறேன். கடை, பள்ளிவாசல், கோயில், கல்யாண மண்டபம் எல்லாம் பார்த்தாயிற்று. எந்தச் சுவருக்கு எந்த நிறம் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. சொன்னால் கோபம் வரும். அப்படிப்பட்ட என்னிடம் ராசம்மா அக்கா வந்து, புது வீட்டு முன்னறையில் பத்தொன்பது நிறம் வேண்டும் என்றார். தரையிலிருந்து மேலே, பட்டை பட்டையாக, ஒன்றன்மேல் ஒன்று.

“வீட்டுக்கா அக்கா, பஸ்ஸுக்கா?” என்று கேட்டேன்.

“வீட்டுக்குத்தான் நானா. ஒங்களுக்கு முடியாட்டி வேற ஆளப் பாத்துக்கிறேன்.”

முஸ்லிம் ஆட்களை எங்கள் பக்கம் ‘நானா’, அண்ணன், என்றுதான் கூப்பிடுவார்கள். வேறு ஆள் என்றதும் எனக்கு ரோசம் வந்துவிட்டது. பிரஷைத் தூக்கிக்கொண்டு தேயிலைத் தோட்டத்துக்குப் போனேன்.

முப்பத்தைந்து வருடம் கொழுந்து பறித்தவர் ராசம்மா அக்கா. அவர்கள் இருந்த லயத்து வரிசை வீடுகளுக்கு மேலே, போன கார்த்திகை மழையில் மலையில் வெடிப்பு விழுந்துவிட்டது. பன்னிரண்டு ஒற்றையறைக் காம்பரா வரிசையும் இடிக்கப்படப் போகிறது என்று எல்லோருக்கும் தனி வீடு கொடுத்திருந்தார்கள். அக்காவும் அவர் புருஷன் ஆண்டியப்பன் அண்ணனும் வந்து ஒரு மாதம் ஆகிறது. மகன் கொழும்பில்.

இருவரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதில்லை என்பது எனக்கு அரை நாளில் தெரிந்துவிட்டது. அண்ணன் இரண்டு முழம் தள்ளி நிற்கும்போதே, “அவரு சாப்புடுறாரான்னு கேளுங்க நானா” என்பார் அக்கா. நானும் தபால்காரன் மாதிரி கேட்டுச் சொல்வேன். அண்ணன் தலையை மட்டும் ஆட்டுவார்.

நிற அட்டையைக் காட்டினேன். அக்கா ஒன்றையும் ஏற்கவில்லை.

“இது நீலமா நானா? நாங்க லயத்துல அடிச்சது துணிக்குப் போடுற நீலத்த சுண்ணாம்புல கரைச்சது. வாங்க, காட்டுறேன்.”

பழைய லயத்துக்கு இறங்கினோம். அண்ணனும் பின்னால் வந்தார். கூரைத் தகரத்தைக் கழற்றியிருந்தார்கள், சுவர் மட்டும் நின்றது. கதவோரத்தில் சுரண்டத் தொடங்கினேன். அக்கா வாசலில் மலையைப் பார்த்து நின்றுகொண்டார். சுவரை அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை.

“மேல இருக்கிறது கிரீம் கலரு. மகன் மொத சம்பளத்துல வாங்கி அனுப்பினான். அதுக்குக் கீழ ரோசு. கோயில் தேருக்கு அடிச்ச மிச்சம்.”

ரோசுதான் வந்தது. தற்செயல் என்று நினைத்தேன்.

“அடுத்தது மஞ்சள். வேலநிறுத்தம் நடந்த வருசம். பெயிண்டு வாங்க வழியில்ல, மஞ்சக் கிழங்க அரைச்சு சுண்ணாம்புல போட்டோம்.”

மஞ்சள் வந்தது, வெங்காயத் தோல் கனத்தில். என் கை நின்றுவிட்டது. என் வீட்டில் போன வருடம் நானே அடித்த நிறம் எனக்கு நினைவில்லை. இந்த அம்மா ஒவ்வொரு பூச்சையும் உள்ளே அடுக்கி வைத்திருக்கிறார்!

“அடுத்து?” என்றேன்.

“வெள்ள. அதோட நிப்பாட்டுங்க.”

குரல் மாறிவிட்டது. ஏன் என்று கேட்டேன். அண்ணன் மெதுவாக வெளியே போய்விட்டார்.

தனுஜா என்று ஒரு மகள் இருந்திருக்கிறாள். எட்டு வயது. அண்ணன் புதிதாகப் பச்சை அடித்த சுவரில், ஆணியால் கீறி அம்மாவைப் படம் வரைந்தாள். புதுப் பெயிண்டைக் கெடுத்துவிட்டாளே என்று அக்கா ஓர் அடியும் போட்டார். மூன்று மாதத்தில் பிள்ளை காய்ச்சலில் போய்விட்டாள். கருமாதிக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளையடிப்பது வழக்கம். அக்கா சுருண்டு கிடந்தபோது அண்ணன் வழக்கத்தைச் செய்துவிட்டார், அந்தப் படத்தின் மேலேயும்.

“எந்திரிச்சுப் பாத்தா சுவரு வெறுமையா இருக்கு. அவரோட பேசிப் பன்னெண்டு வருசமாச்சு நானா, அதுக்குள்ள சுவருக்கு மூணு தரந்தான் அடிச்சோம். அந்தப் படத்த இனி எடுக்க ஏலாது. அந்தச் சுவத்துல அடிச்ச பத்தொம்பது நெறமாவது கூட வரட்டும்னுதான் கேட்டேன்.”

பஸ் என்று கிண்டல் பண்ணிய என் வாயை நானே அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

“அந்தப் பச்சை என்ன பெயிண்ட் அக்கா?”

“தேயில பெக்டரிக் கதவுக்கு அடிச்ச மிச்சம்.”

அப்படியானால் எனாமல், எண்ணெய்ப் பெயிண்ட். எனாமல் மேல் சுண்ணாம்பு பிடிக்காது, சுலபமாகப் பெயர்ந்து வரும்; எங்கள் தொழிலில் அது அரிச்சுவடி.

“எடுத்துப் பாக்கலாம் அக்கா. ஆனா படமும் சேந்து பேந்து வரலாம். பொறகு என்னைத் திட்டக்கூடாது.”

அக்கா முதல் தடவையாகச் சுவர்ப் பக்கம் திரும்பினார். “எடுங்க. எப்புடியும் இடிக்கத்தானே போறாங்க.”

ஈரத் துணியை ஒட்டி ஊறவைத்து, மெல்லிய தகட்டை உள்ளே விட்டேன். பிஸ்மி சொல்லித்தான் விட்டேன். கிரீம், ரோசு, மஞ்சள், வெள்ளை எல்லாம் சேர்ந்து அப்பளம் போல் பெயர்ந்து விழுந்தன.

சுப்ஹானல்லாஹ்!

பளபளக்கும் பச்சையில், வெள்ளைக் கோடுகளாக ஒரு பெண் நின்றாள். தலையில் கயிறு, முதுகில் கூடை. ஆளைவிடக் கூடை பெரிது. பச்சையில் பிடிக்காத சுண்ணாம்பு, ஆணி கீறிய பள்ளங்களில் மட்டும் காரையோடு கல்லாய் இறுகியிருந்தது. அவள் கீறியபோதுகூட இவ்வளவு தெளிவாக இருந்திருக்காது. இருபது வருடத்தில் நான் எத்தனையோ சுவர் பார்த்திருக்கிறேன். இப்படியொன்றைப் பார்த்ததில்லை. எனக்குக் கண் கலங்கியது, சொல்வதில் வெட்கமில்லை.

அக்கா கோடுகளை விரலால் தடவினார். பிறகு வாசல் பக்கம் திரும்பி, என்னை நடுவில் வைக்காமல் கூப்பிட்டார்.

“இங்க வாங்க. நீங்க அடிச்ச வெள்ளதாங்க புள்ளைய வச்சிருக்கு.”

அண்ணன் வந்து பார்த்தார். படியிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

சுவரைப் பெயர்த்துக் கொண்டுபோக முடியாது, தொட்டால் உதிரும் காரை. பொலித்தீன் விரித்து, கோட்டுக்குக் கோடு படி எடுத்துக்கொண்டேன். நான்கு நாளில் முன்னறையில் பட்டைகள் முடிந்தன. பஸ் மாதிரி இல்லை. நடுவே அக்கா கேட்ட இடத்தில் பச்சை எனாமல் அடித்து, காய்ந்ததும் பொலித்தீனை ஒட்டி, நானே கீறலாம் என்று ஆணியை எடுத்தேன்.

அக்கா அதை என் கையிலிருந்து வாங்கி அண்ணனிடம் கொடுத்தார்.

அண்ணன் கீறினார். ஆணி பிடித்துப் பழகாததால் தனுஜாவின் கோடு போலவே கோணலாக வந்தது. கீறி முடிந்ததும் சுண்ணாம்பைத் தொட்டுத் தேய்த்தார், அக்கா வாளியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

“கூடையில நல்லா அமுக்கித் தேய்ங்க” என்றார் அவரிடம். “அழிஞ்சிறக் கூடாது.”