மாமு என்று கூப்பிட்டவன்

இந்தக் காலத்துப் பிள்ளைகளைப் பற்றி மாசானம் அண்ணாச்சியிடம் யாரும் வாயைக் கொடுத்துவிடக் கூடாது. துவரம்பருப்பு வாங்க வந்தவர் பருப்போடு மட்டும் போக முடியாது. அரை மணி நேரப் புலம்பலையும் சேர்த்துக் கட்டி எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும்.

ராயபுரம் கல்மண்டபத்தில் அவருக்கு மளிகைக் கடை. கடைக்குப் பின்னாலேயே வீடு. பதினாலு வயதில் உடன்குடிப் பக்கத்திலிருந்து ரயிலேறி வந்தவர். சொந்தக்காரர் கடையில் எட்டு வருஷம் புளி உருட்டிவிட்டு, பிறகு தனிக்கடை போட்டார். பட்டணத்துக்கு வந்து நாற்பது வருஷம் ஆகியும் நாக்கு மட்டும் உடன்குடியிலேயே தங்கிவிட்டது. ராயபுரத்துப் பேச்சில் வியாபாரத்துக்கு வேண்டியதை மட்டும் காதில் வாங்கிக்கொள்வார், மற்றதைத் தெருவிலேயே விட்டுவிடுவார்.

கடையில் உட்கார்ந்தபடியே அவர் தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஹார்பருக்குப் போகும் பையன்கள் பூப்போட்ட புஷ் சட்டையை வெளியே தொங்கவிட்டுக்கொண்டு போனார்கள். நெற்றிக்கு மேலே முடியைச் சுருட்டி நிறுத்தி, பத்தடிக்கு ஒரு தரம் பையிலிருந்து சீப்பை எடுத்து அதைத் தட்டிக் கொடுத்தார்கள். அதெல்லாம்கூடப் போகட்டும். பெரியவர்களைக் கண்டால் சிகரெட்டை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோவது என்று ஒன்று இருந்ததே, அது எங்கே போயிற்று? மடித்துக் கட்டின கைலியை இறக்கிவிட வேண்டும் என்றுகூட ஒருத்தனுக்கும் தோன்றவில்லையே!

"மரியாதைங்கிறது செத்துப்போச்சு, பாய்" என்பார் பக்கத்துச் சாக்குக் கடை பக்ருதீனிடம்.

"சாவல அண்ணாச்சி. சட்டைய மாத்திகினு சுத்துது" என்று பக்ருதீன் சிரிப்பார்.

பட்டணத்தில் டிராம் நின்றுபோனதற்கு அடுத்த வருஷம், மார்ச் மாதம். ஹார்பர் ஒர்க்‌ஷாப்பில் புதிதாகச் சேர்ந்திருந்த ரகுபதி என்ற பையன் சைக்கிளில் ஒரு காலை ஊன்றியபடியே கடை வாசலில் நின்றான். சட்டை, சுருள் முடி, சீப்பு, ஒன்றும் குறைவில்லை.

"இன்னா மாமு! ஒரு சோப்பு குடு. வூட்ல அல்லாரும் சௌக்கியமா?"

உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்த மகள் தங்கபுஷ்பம் களுக்கென்று சிரித்துவிட்டாள்.

மாசானத்துக்கு மண்டைக்குள் ரத்தம் ஏறிவிட்டது. கடை போட்ட நாளிலிருந்து ராயபுரமே அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுகிறது. அவருடைய ஊரில், சொந்தமோ பந்தமோ இல்லாத ஒரு வாலிபன், வயசுப் பெண்ணைப் பெற்றவனை மாமா என்று கூப்பிட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அதோடு விட்டானா? வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்கிறான்! மனைவி போய்ச் சேர்ந்து எட்டு வருஷமாகிறது. வீட்டில் எல்லாரும் என்றால் இருப்பது ஒரே ஒருத்திதானே? அவளும் உள்ளேயிருந்து சிரிக்கிறாள்!

அன்று சாயங்காலமே மகளிடம் சொல்லிவிட்டார்: "நாளையிலிருந்து பள்ளிக்கூடம் கிடையாது."

"ஏன் ஐயா? அடுத்த வாரம் பரீட்சை."

"சொன்னாக் கேளு."

அவளுக்கு அது எஸ்.எஸ்.எல்.சி. கடைசிப் பரீட்சை. அதை முடித்துவிட்டு டீச்சர் டிரெயினிங்கில் சேர வேண்டும் என்று மூன்று வருஷமாக அதே நினைப்பாக இருந்தவள். ஏனென்று இன்னொரு தரம் கேட்டாள், அவர் கடைக்குப் போய்விட்டார். அழவில்லை, சண்டை போடவில்லை. அடுப்பில் உலை வைத்துவிட்டுப் பக்கத்திலேயே புத்தகத்தை விரித்துக்கொண்டாள். எப்படியும் பரீட்சையன்று அனுப்பிவிடுவார் என்று நம்பினாள், பாவம். குற்றமுள்ளவள்தான் இப்படிப் பேசாமல் இருப்பாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். மனிதருக்குச் சந்தேகம் வந்துவிட்டால் போதும், பேசினாலும் தப்பு, பேசாவிட்டாலும் தப்பு.

பரீட்சை நாளும் வந்தது. தங்கபுஷ்பம் விடியற்காலையிலேயே தலை பின்னி, பேனாவுக்கு மை ஊற்றிக்கொண்டு கதவோரம் வந்து நின்றாள். அவர் பட்டாணி மூட்டையைப் பிரிப்பதிலேயே குறியாக இருந்தார். ஒன்பதரை மணிக்கு அவள் உள்ளே போய்விட்டாள்.

பதினொரு மணிக்கு பக்ருதீன் வெற்றிலை போட வந்தார். "இன்னா அண்ணாச்சி, இன்னிக்கு பொண்ணுக்கு பரீச்ச இல்ல? வூட்லயே கீது?"

மாசானம் ஒரு வாரமாக நெஞ்சுக்குள் வைத்திருந்ததைக் கொட்டிவிட்டார். "அந்தச் சுருட்டைத் தலைக்காரப் பய என்னைய மாமாங்கான், பாய்! என் கடையில வந்து, என் மூஞ்சிக்கு நேரே!"

பக்ருதீனுக்கு வெற்றிலை புரையேறிவிட்டது. "அடக் கஷ்டமே! அவன் பீட் கான்ஸ்டபிளையே மாமுன்னு கூப்ட்றவன் அண்ணாச்சி! எங்க வூட்ல அம்மாகூடப் பொறந்தவர மாமுன்னுவோம். இந்த ஹார்பர் பசங்க அத எட்த்துகினு போயி ஊருக்கே வெச்சிட்டானுங்க. தோஸ்து, கூட்டாளின்னு அர்த்தம், அவ்ளோதான். பொண்ணுமில்ல, ஒண்ணுமில்ல!"

அவர் சொல்லி வாயை மூடவில்லை, எதிர்ப் பக்கத்திலிருந்து அதே ரகுபதி சைக்கிளில் வந்தான். வழியை அடைத்துக்கொண்டு ஒரு கட்டை வண்டி நின்றது. "இன்னா மாமு, ஓரங்கட்டு" என்றான் வண்டிக்காரனிடம். வண்டிக்காரன் அசையவில்லை. ரகுபதி இறங்கி மாட்டின் திமிலில் தட்டினான். "நீயாவது நவுரு மாமு!"

மாடு நகர்ந்துவிட்டது.

மாசானம் கடையை பக்ருதீனிடம் விட்டுவிட்டு உள்ளே ஓடினார். "கிளம்பு புள்ள, பள்ளிக்கூடத்துக்குப் போவோம்" என்றார். அன்றைய தமிழ்ப் பரீட்சை முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. வெயிலில் நடந்துகொண்டே, முகத்தைப் பாராமல், காரணத்தைச் சொன்னார்.

தங்கபுஷ்பம் நடுத்தெருவில் நின்றுவிட்டாள்.

"இதுக்கா ஐயா? எங்க வகுப்புல பிள்ளைங்களே ஒருத்தரை ஒருத்தர் மாமுன்னுதான் கூப்பிட்டுக்கிடுதுங்க. உங்களைப் போயி அப்படிச் சொல்லுதானேன்னுதான் சிரிச்சேன். எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா?"

அவள் கோபத்தில் பேசியிருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார். அவள் அழாமல், ஒரு பாடத்தைப் பற்றிக் கேட்பது போலக் கேட்டதுதான் தாங்கவில்லை. ஊரில் இருக்கிற பிள்ளைகளிடமெல்லாம் மரியாதையை எதிர்பார்த்தவர், சொந்தப் பிள்ளைக்கு ஒரு கேள்வி அளவு மரியாதைகூடக் கொடுக்கவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

தலைமை ஆசிரியை தேவப்பிரியம் டீச்சர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "மணி அடிச்சு ரெண்டு மணி நேரம் ஆச்சு. இனி ஹாலுக்குள்ளே விட முடியாது. ஒரு வாரமா ஏன் வரல்லே?"

வழியெல்லாம் மாசானம் இதற்குத்தான் மனதைத் தேற்றிக்கொண்டு வந்தார். நடந்ததை நடந்தபடி சொல்லிவிட வேண்டும். மகள் டீச்சராக வர ஆசைப்படுகிற இடத்தில், அவளைச் சந்தேகப்பட்டேன் என்று சொல்ல வேண்டும். வாயைத் திறந்தார். நாக்கு எழவில்லை.

"காய்ச்சல், டீச்சர்" என்றாள் தங்கபுஷ்பம்.

"உனக்கா?"

"ஐயாவுக்கு. ஒரு வாரமா விடவே இல்லை. பாத்துக்கிட வீட்ல வேற ஆளு கிடையாது."

டீச்சர் அவரைப் பார்த்தார். மார்ச் மாத வெயிலில் வேர்த்து, முகம் சிவந்து, கண் கலங்கி நின்ற மனிதரை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். மற்றப் பரீட்சைகளை எழுதலாம், தமிழை மட்டும் அடுத்த தடவை எழுதிக்கொள்ள வேண்டும், டிரெயினிங் ஒரு வருஷம் தள்ளித்தான் போகும் என்று டீச்சர் சொன்னார். தங்கபுஷ்பம் சரியென்று தலையாட்டினாள். அப்பாவின் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

"இப்ப உங்களுக்கு உடம்பு எப்படி இருக்குது?" என்று கேட்டார் டீச்சர்.

மாசானம் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். தொண்டையை ஒரு தரம் செருமிக்கொண்டார்.

"இப்பம் தேவலைம்மா."