மூன்று நல்லது, ஒரு கெட்டது

வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் தொழிலில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறேன். மனிதர்களை எடைபோடுவதில் நான் புலி என்று நானே சொல்லிக்கொண்டு திரிந்தவன். அந்தப் புலியின் லட்சணத்தைக் கேளுங்கள்: எங்கள் அலுவலகத்தின் முன்மேசையில் இப்போது இருக்கும் அம்மாள் முதன்முதலில் வேலை கேட்டு வந்தபோது, அவருடைய படிவத்தில் நான் எழுதிய வார்த்தை 'ஸ்லோ'. மந்தம். கேட்ட கேள்விக்கு உடனே பதில் சொல்லாமல் கொஞ்சம் யோசித்தார், அவ்வளவுதான். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

எங்களிடம் ஆள் கேட்டு வருகிறவர்கள் பல மொழிக்காரர்கள் என்பதால் படிவம் ஆங்கிலத்தில் இருக்கும். புகைப்படத்துக்குக் கீழே நான்கு கட்டங்கள். மூன்றில் நல்ல குணம், ஒன்றில் கெட்ட குணம். குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லை என்பார்கள். என் தொழிலில் குற்றம் எழுதாவிட்டால் வாடிக்கையாளரே இல்லை. நான்காவது கட்டம் காலியாக இருந்தால், "இவ்வளவு நல்லவ எதுக்கு வேலை தேடி அலையிறா?" என்று கேட்பார்கள். நான் முதல் மூன்றுக்கும் ஹானஸ்ட், க்ளீன், ஹார்ட்வொர்க்கிங் என்று ரப்பர் ஸ்டாம்பே செய்து வைத்திருந்தேன். நான்காவதில் அன்றைக்கு வாய்க்கு என்ன வருகிறதோ அது.

அம்மாள் முன்மேசையில் சேர்ந்த இரண்டாவது வாரம் ஸ்டாம்பைக் காணோம்.

"உள்ள வச்சுட்டேன் சார். எல்லாருக்கும் ஒரே அளவுல சட்டை தைச்சா யாருக்குப் பொருந்தும்?" என்றார்.

பள்ளிப் படிப்போடு நின்றவர். சலவைக் கடையில் பதினான்கு வருடம் துணி வாங்கிக் கொடுத்தபோது, வருகிறவர்கள் திட்டுவதையும் கொஞ்சுவதையும் கேட்டே ஆங்கிலம் கற்றாராம். நீள நோட்டு ஒன்று வைத்திருந்தார். இடதுபக்கம் நல்ல வார்த்தை, வலதுபக்கம் கெட்ட வார்த்தை. 'டிட்டர்மின்ட்' என்ற மனஉறுதிக்கு நேர் எதிரே 'ஸ்டப்பர்ன்' என்ற பிடிவாதம். ஒவ்வொரு ஆளையும் அரைமணி நேரம் உட்கார வைத்துப் பேசி, பிறகுதான் எழுதுவார். 'அடைமொழி அம்மா' என்று பெயர் வைத்தோம். கேலிக்குத்தான் வைத்தோம், ஆனால் நாளாக ஆக அதில் கேலி குறைந்துவிட்டது.

ஒருமுறை வாய் ஓயாத ஒரு பெண்ணுக்கு நான்காவது கட்டத்தில் 'டாக்கட்டிவ்' என்று எழுதி, மனைவி இறந்தபின் தனியாக இருந்த ஒரு கடிகாரக் கடைக்காரர் வீட்டுக்கு அனுப்பினார். ஒரு மாதம் கழித்து அவர் என்னைக் கூப்பிட்டு, "அந்தக் கெட்ட குணத்துக்கு ரொம்ப நன்றிங்க" என்றார். குறைக்கு நன்றி வாங்கிய ஒரே கடை என்னுடையதாகத்தான் இருக்கும்.

இப்போது சமையல்காரம்மாவின் கதைக்கு வருகிறேன். ஒரே வீட்டில் பதினோரு வருடம் சமைத்தவர், ஒரு பெட்டியும் ஒரு கடிதமுமாக வந்தார். கடிதத்தில் முந்தைய வீட்டம்மா நான்கு வார்த்தை எழுதியிருந்தார். நேரம் தவறாதவள், சுத்தமானவள், உழைப்பாளி. கடைசியில் 'டிஸ்ஹானஸ்ட்', நேர்மையில்லாதவள். முந்தைய வீட்டார் கொடுத்த வார்த்தையை நாங்கள் மாற்றக் கூடாது என்பது எங்கள் விதி. அந்த ஒரு வார்த்தையோடு எந்த வீட்டுக் கதவும் திறக்காது. வேலை தேடுகிறவர்கள் எங்கள் மாடி அறையில் பதினைந்து நாள் தங்கலாம். அதற்குமேல் அவருக்கு இருந்தது அண்ணன் வீடு மட்டும்.

"அண்ணி வாசல்லயே நின்னு, எப்பக் கிளம்புறேன்னு கேப்பா" என்றார்.

"என்னக்கா நடந்துச்சு?" என்று கேட்டார் அடைமொழி அம்மா.

"அந்த வீட்டு உப்பைத் தின்னவ. என் வாயால சொல்ல மாட்டேன்."

நான் அவருடைய ஃபைலை மூடிவிட்டேன். "விடுங்க. நெருப்பில்லாம புகையுமா?" என்றேன். அடைமொழி அம்மா வழக்கம்போல் உடனே பதில் சொல்லவில்லை. மறுநாள் காலை ஒரு வெற்றுப் படிவத்தைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, "அந்த வீட்டுக்குப் போறேன் சார்" என்றார். வாடிக்கையாளரை விரட்டிவிடப் போகிறாரே என்ற பயத்தில் நானும் வண்டியை எடுத்தேன்.

வீட்டம்மா எங்களை உட்காரச் சொல்லவே இல்லை. "பொய் சொன்னா. பொய் சொன்னவளுக்கு வேற என்ன எழுதறது?" என்றார்.

"என்ன பொய்ம்மா?"

"எங்கம்மா பாத்ரூம்ல ரெண்டு தடவை விழுந்திருக்காங்க. வீட்டை விட்டு முதியோர் இல்லத்துல சேத்துடுவேனோன்னு பயந்து, சொல்லாதேன்னு இவ கையைப் புடிச்சு அழுதிருக்காங்க. நான் கேட்டேன், விழுந்தாங்களான்னு. இல்லவே இல்லைன்னுட்டா. மூணாவது தடவை இடுப்பு உடைஞ்சுது."

பாதிக்கப்பட்டவர் கோபப்படுவதில் என்ன தப்பு? அடைமொழி அம்மாவும் வாதாடவில்லை.

"நீங்க கோபப்படறது நியாயம்மா. ஆனா இந்த வார்த்தையப் படிக்கிறவங்க, நகை காணாமப் போச்சுன்னு நினைப்பாங்க. போச்சா?"

"சேச்சே. பதினோரு வருஷத்துல ஒரு ஸ்பூன் போனதில்ல."

"அப்ப அதையும் எழுதுங்க. இப்பச் சொன்னதையும் எழுதுங்க. குணத்த நாங்க பாத்துக்கறோம், நீங்க நடந்தத மட்டும் எழுதுங்க."

கைப்பையிலிருந்து வெற்றுப் படிவத்தை எடுத்து நீட்டினார். வீட்டம்மா அதை வாங்கிக்கொண்டு உட்கார்ந்து, எங்களையும் உட்காரச் சொல்லி, ஐந்தாறு வரி எழுதினார். எழுதி முடித்ததும், "இதுக்கு என்ன வார்த்தை போடுவீங்க?" என்று கேட்டார்.

"ஒண்ணு பத்தாதும்மா. நல்ல கட்டத்துல லாயல், விசுவாசி. கெட்ட கட்டத்துல இர்ரெஸ்பான்ஸிபிள், பொறுப்பில்லாதவங்க."

வீட்டம்மா தலையாட்டிக் கையெழுத்துப் போட்டார்.

திரும்பும் வழியில் எனக்குக் கோபம் வந்தது. "இவ்வளவு தூரம் வந்து, சாமர்த்தியமா ஏதாவது சின்னக் குறையாப் போட்டிருக்கலாமே?" என்றேன்.

"இடுப்பு உடைஞ்சது சின்ன விஷயமா சார்?" என்றார் அவர். இருபத்திரண்டு வருடத்தில் நான்காவது கட்டத்தில் எழுதும் குறை சின்னதா பெரிதா என்று நான் ஒருமுறைகூட யோசித்ததில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

மாடி அறையில் அடைமொழி அம்மா படிவத்தைச் சமையல்காரம்மாவுக்கு வரி வரியாகத் தமிழில் படித்துக் காட்டினார். அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "திருடின்னு நினைக்கல இல்ல, அது போதும்" என்றார். பிறகு, "மத்தது உண்மைதான். நான் சொல்லியிருக்கணும்" என்றார்.

ஆனாலும் யாரும் எடுக்கவில்லை. மூன்று வீட்டார் வந்து அந்த வரிகளைப் படித்துவிட்டு அடுத்த படிவத்தைப் புரட்டினார்கள். பதினாலாம் நாள் ஒரு பெண்மணி வந்தார். வயதான அம்மாவை வீட்டில் விட்டுவிட்டு தினமும் வேலைக்குப் போகிறவர். இவருக்குப் போய் இந்தப் படிவமா என்று நான் அதை அடியில் தள்ளினேன். அடைமொழி அம்மா அதை எடுத்து மேலே வைத்தார்.

பெண்மணி படித்தார். ஐந்தாறு வரிகளையும் இரண்டுமுறை படித்தார். சமையல்காரம்மாவைக் கீழே அழைத்து வரச் சொல்லி, நேராகவே கேட்டார்: "எங்கம்மா விழுந்தா, எனக்குச் சொல்வீங்களா?"

"சொல்வேன்மா."

"சொல்லாதேன்னு அவங்க அழுதா?"

"அவங்களோட சேந்து நானும் அழுவேன்மா. அழுதுட்டு உங்களுக்கு போன் பண்ணிடுவேன்."

பெண்மணி படிவத்தை மடித்துக் கைப்பையில் வைத்தார்.

"எப்ப வர முடியும்?"

"இப்பவே வரேன்மா" என்றார் சமையல்காரம்மா. "நாளைக்கு அண்ணன் வீட்டுக்குப் போகணுமேன்னு, காலைலயே பெட்டியக் கட்டிட்டேன்."