பூசை போட்ட காரும் இறங்கி நின்ற அக்காவும்

போன ஆடியில் இறக்குவானைப் பக்கம் இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குப் போனேன். அப்படியே காருக்கும் ஒரு பூசை போட்டுவிடலாம் என்பது திட்டம். கார் எனக்குத்தான் புதிது. அதற்கு இருபது வயது தாண்டிவிட்டது. கார்புரேட்டர் இல்லை, இன்ஜெக்டர் வைத்த வண்டி. பழைய காரில் இறக்குவானைப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு இந்தப் பதிவு உதவலாம். என் மானம் போன கதையும் கூடவே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வத்தளையில் இருந்து விடிய ஐந்தரைக்குப் புறப்பட்டால் அவிசாவளை வரை நெரிசல் இல்லை. எஹலியகொடையில் தேநீர் குடித்துவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. ஏழெட்டு முறை முயன்ற பிறகு திணறிக்கொண்டு பிடித்தது. வாங்கிய நாளில் இருந்தே இந்த வியாதி உண்டு. காலையில் ஆறிய எஞ்சின் சட்டென்று பிடிக்கும்; ஓடிச் சூடாகிக் கொஞ்ச நேரம் நின்றால் அடம்பிடிக்கும். பிளக், பாட்டரி எல்லாம் மாற்றியாயிற்று. ஆனால் சொந்தக்காரர்களிடம் போனில் கார் ராசா மாதிரி ஓடுகிறது என்று அளந்து வைத்திருந்தேன்.

இரத்தினபுரியில் இருந்து பெல்மதுளை, காவத்தை வழியாக இன்னும் நாற்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். தார்ப்பாதை நன்றாகவே இருக்கிறது. கடைசி நான்கு கிலோமீட்டர் தோட்டப் பாதையில்தான் கவனம் வேண்டும். தாழ்ந்த கார்களுக்கு அடி தட்டும்.

அந்தப் பாதை முனையில் சரோஜா அக்கா காத்திருந்தாள். என் கூடப்பிறந்தவள், அங்கேயே கொழுந்து எடுக்கிறாள். அத்தான் இறந்ததில் இருந்து நல்ல காரியங்களில் முன்னால் வந்து நிற்கமாட்டாள். நான்தான் பெரிய மனுஷன் போல், இந்தக் காலத்தில் யார் என்ன சொல்லப்போகிறார்கள் என்று முன்சீட்டில் உட்காரவைத்தேன். அங்கேயும் கார் மக்கர் பண்ணியது. சூடானால் இப்படித்தான், யாரிடமும் சொல்லாதே என்று அவளிடம் கேட்டுக்கொண்டேன்.

கோயில் வாசலில் பூசாரி எஞ்சினை நிறுத்தச் சொன்னார். அக்கா இறங்கப் பார்த்தாள், நான் விடவில்லை. சந்தனம், குங்குமம், மாலை, சூடம் என்று அரை மணி நேரம் போயிற்று. சக்கரங்களின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். வண்டி நகர்ந்து பழம் நசுங்கினால்தான் பூசை முடிந்ததாக அர்த்தம்.

சாவியைத் திருப்பினேன். பிடிக்கவில்லை. திரும்பத் திரும்பத் திருப்பினேன். மேளம் அடித்தவர்களும் நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள். அம்மாவின் தங்கை, எங்கள் சித்தி, ஜன்னலருகே வந்தாள்.

"சரோஜா, நீ கொஞ்சம் எறங்கிக்க புள்ள. தப்பா நெனைக்காத."

வரும் வழியிலும் அடம்பிடித்தது, இது காரின் கோளாறு என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஒரு வாக்கியம். ஓட்டை வண்டியை வாங்கி ஏமாந்துவிட்டான் என்று சிரிப்பார்களே என்ற பயத்தில் வாயை மூடிக்கொண்டேன். அக்கா என் முகத்தைப் பார்த்தாள். அவளாவது சொல்லியிருக்கலாம், எனக்காகச் சொல்லவில்லை. இறங்கிக் கூட்டத்துக்குப் பின்னால் போய் நின்றாள். அடுத்த திருப்பில் எஞ்சின் பிடித்துவிட்டது. கூட்டத்தில் ஆளுக்காள் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டார்கள். வெட்கமாக இருந்தது. இதை எழுதும்போதும் இருக்கிறது.

வத்தளைக்கு வந்ததும் மெக்கானிக்கிடம் பெட்ரோல் அழுத்தம் பார்க்கும் மீட்டரை மாட்டச் சொன்னேன். எஞ்சினை நிறுத்தியதும் முள் மளமளவென்று இறங்கியது. டாங்கியில் இருந்து வரும் குழாயை இறுக்கிப் பிடித்தால் இறங்காமல் நின்றது. அப்படியானால் இன்ஜெக்டர் ஒழுகவில்லை. டாங்கிக்குள் இருக்கும் பம்பின் வால்வு பெட்ரோலைத் திரும்ப விட்டுவிடுகிறது. சூட்டில் குழாயில் மிஞ்சியதும் ஆவியாகிவிடும். உங்கள் காருக்கும் இப்படி என்றால், ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் சாவியை 'ஆன்' வரை திருப்பி இரண்டு விநாடி விட்டு அணையுங்கள். மூன்று முறை செய்தால் அழுத்தம் ஏறிவிடும். அவசரத்துக்கு இது போதும், பிறகு பம்பை மாற்றிவிடுங்கள். முக்கியமாக, காரின் கோளாறைக் கூட வருபவர்கள் எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள்.

பம்பை மாற்றிய அன்றே சித்திக்குப் போன் பண்ணி எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள்.

"அதெல்லாம் சரிப்பா. அவ எறங்கின ஒடனே எப்படிப் புடிச்சிச்சு?"

அத்தனை முறை சாவியைத் திருப்பியதில் அழுத்தம் ஏறியிருக்கும் என்றேன். சரி சரி என்றாள். நம்பிய குரல் இல்லை.

போன வாரம் சித்தியின் மகன் புது ஆட்டோவுக்கு அதே கோயிலில் பூசை போட்டான். அக்கா வந்தாளா என்று கேட்டேன். அவள் அன்று லயத்து வீட்டை விட்டே வெளியே வரவில்லையாம். "நாங்க யாரும் வர வேணாம்னு சொல்லல அண்ணே, அவங்களாதான் வரல" என்றான்.