மூன்று இழுப்பு

இதை நான் இட்டுக்கட்டவில்லை. பாதியை என் கண்ணால் பார்த்தேன். மீதியைப் பெரிய மாமா, சாவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, என்னிடம் மட்டும் சொன்னார். பிடித்த மீனின் நீளத்தைக்கூட ஒரு விரல் கூட்டிச் சொல்லாத மனிதர் அவர். கடலுக்குப் போகிறவர்களில் அப்படி இன்னொருவரைக் காட்டுங்கள், நான் இந்தக் கதையையே விட்டுவிடுகிறேன்.

பேய் என்றால் நடுச்சாமம், ஒற்றை விளக்கு, நாய் ஊளை என்றுதானே நினைப்பீர்கள்? இது நடந்தது பட்டப்பகலில். சாப்பாட்டு நேரம் முடிந்து ஊரே கண் அசரும் வேளை.

அம்மாவுக்கு அண்ணன்கள் இரண்டு பேர். சின்ன மாமாவும் என் அப்பாவும் ஆளுக்குப் பாதியாக ஒரு படகு வைத்திருந்தார்கள். வலை பாறையில் சிக்கினால் சின்ன மாமாதான் குதித்து எடுப்பார். இடுப்பில் கயிறு கட்டியிருக்கும். மறுமுனை படகில் அப்பா கையில். தண்ணீருக்குள் இருந்து பேச முடியாதல்லவா? கயிறுதான் பேச்சு. இரண்டு இழுப்பு என்றால், மேலே தூக்கு. மூன்று இழுப்பு என்றால், கயிற்றை விடு. அப்பா, மாமாக்கள் இரண்டு பேர், இந்த மூன்று பேருக்குள் மட்டும் இருந்த வழக்கம் அது.

ஒருநாள் அப்பா மட்டும் திரும்பி வந்தார்.

"பெரிய மீனு மச்சான்... கயித்தோட கடிச்சு இழுத்துட்டுப் போயிடுச்சு" என்று பெரிய மாமாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதார். அதன்பிறகு அப்பா கடலுக்குப் போகவில்லை. இடது கண்ணில் பூ விழுந்துவிட்டது என்று காரணம் சொன்னார். முழுப் படகும் இப்போது அவருடையது. ஆள் வைத்து ஓட்டினார்.

பெரிய மாமாவோ அன்றிலிருந்து வேறு மீன் பிடிக்கவே இல்லை. எழுபதை நெருங்கும் வயதில், ஒரு சின்னத் தோணி, விரல் பருமன் நைலான் கயிறு, உள்ளங்கை அளவு தூண்டில் முள். தினமும் தனியாகப் போவார். மீனோடு பங்காளிச் சண்டை போடுகிறார் என்று துறையில் சிரிப்பார்கள். அவருக்கு அதெல்லாம் காதில் ஏறாது. தம்பியைத் தின்றவனைக் கொல்ல வேண்டும். அதற்காகத்தான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார்.

"விட்டுத் தள்ளுங்க மச்சான். கடல்ல ஆயிரம் மீனு. அதுல எதுன்னு கண்டுபிடிப்பீங்க?" என்பார் அப்பா.

"அது என்னைக் கண்டுபிடிக்கும்."

நான் சொன்ன அந்தப் பட்டப்பகலில், தம்பி செத்த பாறைக்கு மேலே தோணியை நிறுத்தியிருந்தார். ஆழம் பார்க்க வெறும் முள்ளை இறக்கினார். இரை குத்தவே இல்லை. இறக்கிய கையோடு கயிறு விறைத்தது.

வெறும் முள்ளை எந்த மீன் கவ்வும்?

அதை யோசிக்க அவருக்கு நேரமில்லை. தோணி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கைக்குச் சுற்றியிருந்த சாக்குத் துணி கிழிந்து, கயிறு தோலில் இறங்கியது. வலி தெரியவில்லை. அத்தனை வருஷத்துக் கோபமும் தோளுக்கு வந்து நின்றது.

"வாடா... வா. என் தம்பி ருசியா இருந்தானா?"

இழுத்தார். விட்டார். மறுபடி இழுத்தார். ஒரு மணி நேரம் போயிருக்கும். அப்போதுதான் கவனித்தார். மாட்டிய பெரிய மீன் ஆழ்கடலுக்குத்தான் ஓடும். இது கரைப் பக்கமாக இழுத்தது. அவிழ்த்துவிட்ட மாடு வீட்டுக்கு ஓடுவதுபோல, ஊரைப் பார்த்து ஓடியது.

தலைக்குமேல் ஒரு பறவை இல்லை. காற்று இல்லை. தோணியில் தண்ணீர் மோதும் சத்தம்கூட இல்லை.

மீன் மேலே வந்தது. கறுப்பு முதுகு, தோணியைவிட நீளம். பக்கவாட்டில் புரண்டு அவரைப் பார்த்தது. கண்ணில் வெள்ளையாக ஒரு பூ.

அந்தக் கண்... ஒருமுறை மூடித் திறந்தது.

மீனுக்கு ஏது இமை?

மீன் அமிழ்ந்தது. கயிறு துடித்தது.

விண். விண். விண்.

மூன்று இழுப்பு.

நிறுத்தம். மறுபடி மூன்று.

கயிற்றை விடு... கயிற்றை விடு...

"தம்பி?" என்றார். தம்பிதான் விடச் சொல்கிறானா? பிடி தளர்ந்தது. கயிறு முழம் முழமாக நழுவியது.

அப்போது, இன்னும் ஆழத்தில் இருந்து...

விண். விண்.

இரண்டு.

மேலே தூக்கு... இது வேறு கை. நிதானமான கை.

மூன்று... அவசரமாக.

இரண்டு... பொறுமையாக.

மாமா பல்லைக் கடித்தார்.

இழுத்தார்.

இழுத்தார்...

சட்டென்று பாரம் இல்லை.

கயிறு நூல்போல லேசாக மேலே வந்தது. மீன் இல்லை. முள்ளில் ஒரு துண்டுக் கயிறு மாட்டியிருந்தது. ஒரு முனையில் இடுப்பு அளவுக்கு ஒரு வளையம். முடிச்சு தலைகீழாக இருந்தது. இடது கைக்காரனான சின்ன மாமா மட்டும் போடும் முடிச்சு. இத்தனை வருஷம் கடலடியில் கிடந்த கயிற்றில் ஒரு துளிப் பாசி இல்லை. இப்போதுதான் யாரோ இடுப்பில் இருந்து அவிழ்த்ததுபோலச் சூடாக இருந்தது.

மறுமுனையைப் பார்த்தார். மீன் கடித்தால் பிசிறு பிசிறாகக் கிழிந்திருக்கும். இது ஒரே வெட்டு. கத்தி வெட்டு.

மாமாவுக்கு எல்லாம் விளங்கியது. மீனைக் கீற வைத்திருந்த கத்தியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு கரைக்கு வந்தார். கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு நேராக எங்கள் வீட்டுக்கு நடந்தார். என் அப்பாவை வெட்டத்தான் வந்தார். என்னிடம் மறைக்காமல் சொன்னார்.

வாசலில் கூட்டம்.

இனி நான் பார்த்தது.

அப்பா சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று தலை ஒரு பக்கமாக வெட்டி இழுத்தது. வாயோரம் கிழிந்து ரத்தம். கீழே விழுந்தவர், யாரும் தொடாமலே, சிமென்ட் தரையில் வாசலை நோக்கி நழுவினார். கடல் இருக்கும் பக்கம். நானும் அம்மாவும் ஆளுக்கொரு காலைப் பிடித்து இழுத்தோம். எங்களால் முடியவில்லை. ஒரு மணி நேரத்துக்கும் மேல்... கடைசியில் வாயில் இருந்து தண்ணீராகக் கொட்டியது. என் கையில் பட்டதை நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு.

மாரடைப்பில் போய்விட்டார் என்றார் டாக்டர். வாயோரக் காயத்தைக் காட்டிக் கேட்டேன். அவர் பையை எடுத்துக்கொண்டு போனார்.

பெரிய மாமாவைப் பார்த்ததும் அம்மா ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணா, உங்களத்தான் கூப்பிட்டாரு. 'விடுங்க மச்சான், விடுங்க மச்சான்'னு கத்தினாரு. அப்புறம் பேச்சு வரல. கையால தரையில தட்டினாரு. மூணு மூணா தட்டினாரு. அது என்னண்ணா?"

மாமா அம்மாவின் முகத்தைப் பார்த்தார். இடுப்புக் கத்தியை வேட்டிக்குள் மறைத்தார்.

"தெரியலம்மா."

அம்மா சாகும்வரை அவர் அவளிடம் சொல்லவில்லை. எல்லாவற்றையும் என்னிடம் சொன்ன அன்று, பரண்மேல் துணியில் சுற்றி வைத்திருந்த கயிற்றை எடுத்து என் கையில் கொடுத்தார். அத்தனை வருஷம் கழித்தும் அது ஈரமாகவே இருந்தது.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. கொலைகாரர்தான். ஆனாலும் என் அப்பா.

"மூணு இழுப்பு அப்பாவோடதுன்னு அப்பவே தெரிஞ்சிருந்தா, விட்டிருப்பீங்களா மாமா?"

மாமா என் கையில் இருந்த கயிற்றின் மறுமுனையைப் பிடித்தார்.

நிதானமாக, இரண்டு முறை இழுத்தார்.