அந்த மூக்கு

சொந்தத்தில் கட்டிக்கொண்டவர்களின் பிள்ளைகளுக்கு வரும் நோய்களைப் பற்றி மதுரையில் மரபணு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். தங்கைக்குத் தாய்மாமா மகனைப் பேசியபோது வேண்டாமென்றேன். அதோடு எங்கள் பழனிசெட்டிபட்டி வீட்டில் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

அவனையே கட்டிக்கொண்ட அவளுக்குப் பிள்ளை பிறந்ததை அம்மாதான் எஸ்.டி.டி. பூத்திலிருந்து ரகசியமாகச் சொன்னாள். பேர் வைக்கும் நாளன்று யாரும் அழைக்காமலே போனேன்.

கூடத்தில் பிள்ளை மடி மாறிக்கொண்டிருந்தது.

“காது அவுக அப்பா காது.”

“மூக்குதான் யாரு சாடைன்னு தெரியல.”

நான் குனிந்ததும் பேச்சு நின்றது. தங்கை பிள்ளையை வாங்கி முந்தானையால் முகத்தை மூடினாள்.

“உத்துப் பாக்காதக்கா. ஒனக்கு எதாச்சும் தெரிஞ்சிரும்.”

பார்த்ததுமே தெரிந்துதான் போயிற்று. அது என் மூக்கு.