டிஸ்க்கில் ஏறாத புத்தகம்

இடமாற்ற உத்தரவு வந்துவிட்டால் என் கணவர் முகத்தில் கல்யாணக் களை வந்துவிடும். மத்திய அரசு வேலை, சில வருடங்களுக்கு ஒரு ஊர். சாமான் கட்டுவதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று அவரே சொல்லிக்கொள்வார். அதில் அவருக்கு ஒரு சட்டம் உண்டு. மின்சாரத்தில் ஓடும் எதையும் பழைய வீட்டிலேயே ஒருமுறை ஓட்டிப் பார்த்த பிறகுதான் கட்ட வேண்டும். மிக்ஸி, டேப் ரெக்கார்டர், மேசை விசிறி எல்லாம் வரிசையாக ஓடிக் காட்டிவிட்டுத்தான் பெட்டிக்குள் போகும். போகிற ஊரில் ஓடாவிட்டால் லாரிக்காரன் தலையில் பழியைப் போடலாம் அல்லவா.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் கல்கத்தாவில், கார்டன் ரீச் குவார்ட்டர்ஸை நாங்கள் காலி செய்தபோது அந்தச் சட்டம் என் கம்ப்யூட்டருக்கும் வந்தது.

என் கம்ப்யூட்டர் என்று நான்தான் சொல்வேன். அவர் அதில் சீட்டு விளையாடுவார், நான் படம் வரைவேன். ஜாதவ்பூரில் ஒரு மாலை வகுப்புக்குப் போய் கிராஃபிக்ஸ் கற்றுக்கொண்டு, முதலில் பக்கத்துத் தெருக்களில் துர்கா பூஜைக்கு வெளியிடும் மலர்ப் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக் கொடுத்தேன். அதைப் பார்த்துவிட்டு காலேஜ் ஸ்ட்ரீட்டில் பதிப்பகம் நடத்திய ஒரு பெண்மணி கூப்பிட்டனுப்பினார். நான் அவரை தீதி, அதாவது அக்கா, என்பேன். குழந்தைகளுக்கான வங்காளக் கதைப் புத்தகம் ஒன்றுக்கு எல்லாப் படங்களையும் என்னையே வரையச் சொன்னார். குளிர்காலப் புத்தகச் சந்தைக்கு வந்தாக வேண்டும், அட்டையில் உன் பெயர் போடுவேன் என்றார். ஒரு வருடம் வரைந்தேன். குடை பிடித்த நரி, மீன்காரி, மழையில் நிற்கும் ட்ராம். கல்யாணத்துக்குப் பிறகு என் பெயர் இன்னாருடைய மனைவி என்றுதான் எங்கும் எழுதப்பட்டிருந்தது. தனியாக, அச்சில், பெரிய எழுத்தில் அது வரப்போகிறது என்பதில் எனக்குக் கிறுக்கே பிடித்திருந்தது.

மாற்றலாகிப் போகிறவர்கள் கனமான சாமான்களை அடுத்து வரும் குடும்பத்திடமே தள்ளிவிட்டுப் போவது எங்களிடையே வழக்கம். எங்கள் வீட்டுக்கு வரவிருந்தவர் கணவருக்குக் கீழே வேலை பார்த்த ஒரு ஜூனியர், அவரும் தமிழர். கட்டிலும் கம்ப்யூட்டரும் அவருக்கு என்று முடிவாயிற்று. படம் வரையும் சாஃப்ட்வேரையும் படங்களையும் எடுத்துப் போவதற்காக, வெளியே செருகும் ஹார்ட் டிஸ்க் ஒன்றைக் கணவர் வாங்கி வந்தார்.

"அதை மட்டும் நான் பண்ணிக்கறேங்க."

"பேக்கிங் என் வேலை. நீ போய் பருப்பு டப்பாவைக் காலி பண்ணு." பெட்டி கட்ட வந்த ஆட்கள் பக்கம் திரும்பினார். "நரிக்கு வால் வரையத் தெரிஞ்சவுடனே மேடத்துக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சு."

அவர்களுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் சிரித்தார்கள், சாகேப் சிரித்தால் சிரிக்க வேண்டும்.

நான் டப்பாவைக் கையில் எடுப்பதற்குள் கூப்பிட்டார். வேலை முடிந்துவிட்டதாம்.

"அதுக்குள்ளயா? ஒவ்வொரு படமும் அவ்வளவு பெருசாச்சே."

"வா, வந்து பாரு." டிஸ்க்கைத் திரையில் திறந்தார். சாஃப்ட்வேர், நரி, மீன்காரி, ட்ராம் எல்லாம் உள்ளே வரிசையாக நின்றன. நரியைத் தட்டினார். சாஃப்ட்வேர் திறந்து, அதில் நரி குடையோடு வந்து நின்றது. "ஓடுதா? வாயை மூடிக்கிட்டுப் போ." டிஸ்க்கை அதன் பெட்டியில் போட்டு நாடாவால் சுற்றி என் கைப்பையில் திணித்தார்.

மறுநாள் லாரி போனது. நாங்கள் ரயில் ஏறும்வரை அலிப்பூரில் விருந்தினர் விடுதியில் தங்கினோம். அங்கிருந்து டிஸ்க்கை எடுத்துக்கொண்டு தீதியிடம் போனேன். நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு போனேன், அதை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

தீதியின் ஆபரேட்டர் டிஸ்க்கைச் செருகி நரியைத் தட்டினார். பிழைச் செய்தி வந்தது. மீன்காரியைத் தட்டினார், சாஃப்ட்வேரைத் தட்டினார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "பௌதி, எதே தோ கிச்சு நேய்" என்றார். இதில் ஒன்றுமே இல்லை. கம்ப்யூட்டரின் முகப்பில் இருந்த ஷார்ட்கட்டுகளை மட்டும் யாரோ அள்ளிப் போட்டிருக்கிறார்கள். அவை வாசலில் மாட்டிய பெயர்ப்பலகை மாதிரி. பழைய கம்ப்யூட்டரில் செருகியிருக்கும்வரை எல்லாம் திறக்கும், ஏனென்றால் சாமான் அதற்குள்ளேயேதான் கிடக்கிறது என்று விளக்கினார்.

தீதி திட்டவில்லை. அச்சகத்தில் காத்திருக்கிறார்கள், நாளைக் காலைக்குள் கிடைத்தால் சரி என்றார்.

டாக்ஸி பிடித்து கார்டன் ரீச்சுக்கு ஓடினேன். ஜூனியரின் மனைவி கதவைத் திறந்தாள். கம்ப்யூட்டர் மேல் பூப்போட்ட துணி விரித்திருந்தது.

"அதுல என் படங்கள் இருக்கும்மா. டிஸ்க்குல சரியா ஏறலை."

அவள் முகம் மாறியது. "ஐயோ அக்கா, எல்லாத்தையும் அழிச்சுப் புதுசா போட்டாச்சே. நீங்க லாரிகிட்ட நின்னுக்கிட்டிருந்தப்போ எங்க வீட்டுக்காரர் சார்கிட்ட எப்படி எடுத்தீங்கன்னு கேட்டாரே. சார், நீங்க எடுத்தது வெறும் ஷார்ட்கட், படமெல்லாம் இன்னும் உள்ளேயே இருக்கு, அஞ்சு நிமிஷத்துல நான் காப்பி பண்ணித் தரேன்னு சொன்னாரே. சார்தான், எனக்குத் தெரியும்யா, அதெல்லாம் வேண்டாத பொம்மைங்க, அழிச்சிடுன்னார்."

காபி குடித்துவிட்டுப் போகச் சொன்னாள். தெருமுனை பூத்திலிருந்து தீதிக்குப் போன் செய்தேன். "டீக் ஆச்சே", சரி என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். அந்த வருடச் சந்தைக்குப் புத்தகம் வந்தது. படங்கள் வேறு யாரோ அவசரத்தில் வரைந்தவை, அட்டையில் அவர் பெயர். நான் வாங்கவில்லை.

விடுதிக்குத் திரும்பியபோது கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்தத் தட்டை எடுத்து அவர் தலையில் கவிழ்க்க வேண்டும்போல இருந்தது.

"அந்தப் பையன் உங்ககிட்ட சொன்னானாமே. உள்ளேயே இருக்குன்னு."

"சொன்னான்."

"அப்புறம் ஏன் அழிக்கச் சொன்னீங்க?"

சாதத்தைப் பிசைந்த கையை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமே இல்லை. நான் ஏதோ புரியாத பாஷையில் கேட்டதுபோல ஒரு திகைப்புதான் முகத்தில் இருந்தது.

"அவன் என் ஜூனியர்டீ. அவன் சொல்லி நான் திருத்திக்கணுமா?"