சாக்கும்மா

தொண்ணூறுகளில் வேலூரிலிருந்து பெங்களூருக்கு வேலைக்கு வந்தபோது எனக்குத் தெரிந்த கன்னடம் ஒரே ஒரு வார்த்தைதான். சாக்கு. ஆராய்ச்சிக்கூடத்துக்குப் பக்கத்து மெஸ்ஸில் இலைக்கு மேல் கையைக் காட்டி "சாக்கு" என்றால் சாம்பார் வாளி நகர்ந்துவிடும். போதும் என்று அர்த்தம். நான் குடியிருந்த விவேக் நகரில் வீட்டுக்காரம்மாவிலிருந்து மளிகைக்கடைக்காரர் வரை எல்லோரும் தமிழ். வேலையிடத்தில் இங்கிலீஷ். அப்புறம் எங்கே கன்னடம் வரும்?

எங்கள் வேலை ஆடுகளோடு. சினையாக இருக்கும்போது தாய்க்குத் தீனி குறைந்தால் குட்டியின் மூளை எவ்வளவு குன்றும், பிறந்தபின் நன்றாக ஊட்டினால் தேறுமா என்பதுதான் கேள்வி. கடைசியில் குட்டிகளைக் கொன்று மூளையை எடுத்து நிறுப்போம். படித்துவிட்டுச் செய்கிற வேலை இது, என்னத்தைச் சொல்ல.

அதில் தீனி குறைத்த தாய்க்குப் பிறந்தது ஒரு பெட்டைக்குட்டி. பிறந்ததும் மடி எங்கே என்று தெரியாமல் தாயின் முன்னங்காலைச் சப்பிக்கொண்டிருந்தது. வலைத்தடுப்புக்கு அந்தப் பக்கம் பால் புட்டியைக் காட்டினால் மற்ற குட்டிகள் சுற்றிக்கொண்டு வரும். இது வலையிலேயே முட்டிக்கொண்டு கத்தும். நானும் விடவில்லை, தினமும் அதோடு மல்லுக்கட்டினேன். "ஆட்டுக்கு ட்யூஷனா டாக்டரம்மா? பி.யூ.சி. எழுத வைப்பீங்களா?" என்று கூட வேலை செய்தவர்கள் ஓட்டினார்கள். ஒருநாள் அது முட்டுவதை நிறுத்தி, கொஞ்சம் நின்று, வலையைச் சுற்றி ஓடிவந்து என் முழங்காலில் இடித்தது. அடி என் தங்கமே! அழுதேவிட்டேன்.

கொல்ல வேண்டிய வாரம் வந்தது. எங்கள் பேராசிரியர் கன்னடக்காரர், வாயிலிருந்து வார்த்தையைப் பிடுங்கணும். ஊருக்குக் கிளம்பி ஆட்டோவில் ஏறிக்கொண்டிருந்தவரிடம் ஓடி, "சார், அந்த ஒரு குட்டியை மட்டும் விட்டுவைக்கலாமா?" என்று இங்கிலீஷில் கெஞ்சினேன். "சாக்கும்மா" என்றார். ஆட்டோ போய்விட்டது.

போதும்மா. இதற்குமேல் என்ன பேச? வேறு யார் கையும் அதன்மேல் படக்கூடாதென்று ஊசியை நானே போட்டேன். புட்டி என்று நினைத்து அப்போதும் என் விரலைச் சப்பியது.

திரும்பி வந்தவர் கொட்டகையை எட்டிப் பார்த்து, "எங்கே அந்தக் குட்டி?" என்றார்.

"நீங்கதானே சார் சாக்குன்னீங்க."

அவர் முகம் வெளுத்துப்போயிற்று. "வளர்க்கச் சொன்னேன்மா. அது எப்படி வளருதுன்னு எனக்கும் பார்க்கணும்னு இருந்தது."

கன்னடத்தில் போதும் என்பதற்கும் வளர்த்துக்கொள் என்பதற்கும் ஒரே வார்த்தையாம். நாசமாய்ப் போக! இன்னும் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருந்தால் குறைந்தா போயிருக்கும்? கத்தவும் முடியவில்லை. அந்த மனுஷனுக்கும் கண் கலங்கியிருந்தது.

அதன் மூளை, வயிறாரத் தின்ற தாய்களின் குட்டிகளுடைய மூளைக்குச் சமமாக இருந்தது. தேறியிருந்தாள் என் கண்ணு. நல்ல ரிசல்ட் என்று எல்லோரும் சொன்னார்கள்.

இப்போது கன்னடம் சரளமாகப் பேசுவேன். ஆனால் கல்யாணப் பந்தியில் அந்த ஒரு வார்த்தை மட்டும் வாயில் வராது. "போதும்" என்று தமிழில்தான் சொல்வேன். சிலர் புரியாமல் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். ஊற்றட்டும்.